அலுமினிய டிரெய்லரா? வாங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள்

கார் ஏற்றிப் போக ஒரு திறந்த டிரெய்லர் வாங்கப் போகிறேன், அலுமினியமா இரும்பா என்று என்னிடம் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அலுமினியம்தான். லேசு, துருப்பிடிக்காது, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். டிரெய்லர்களைப் பரிசோதிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில், எனக்கும் இதில் மறுப்பு இல்லை. நல்ல அலுமினிய டிரெய்லர் நிஜமாகவே நல்ல சாமான். ஆனால் அலுமினியம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி, எடைக் கணக்கையும் இணைப்புகளையும் பார்க்காமல் விட்டவர்கள்தான் என் பட்டறைக்கு அடிக்கடி வருகிறார்கள்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு 7.85. மூன்றில் ஒரு பங்குதான், சரி. அதற்காக டிரெய்லரின் எடையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் வளையாமல் நிற்கும் விறைப்பிலும் அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான்; அதை ஈடுகட்டச் சட்டங்களை உயரமாகவும் தடிமனாகவும் போட்டாக வேண்டும், போதாததற்கு ஆக்சில், பிரேக், இழுக்கும் வண்டியோடு மாட்டும் கப்ளர் எல்லாம் எதில் செய்த டிரெய்லராக இருந்தாலும் பெரும்பாலும் எஃகுதான். கடைசியில், இரண்டு ஆக்சிலும் 5.5 மீட்டர் தளமும் உள்ள சாதாரண எஃகு டிரெய்லர் 900 முதல் 1000 கிலோ வந்தால், அதே அளவு அலுமினியம் சுமார் 650 முதல் 750 கிலோ வரும். ஆக, மிச்சம் ஏறக்குறைய 250 கிலோ.

அந்த 250 கிலோவால் உங்களுக்கு என்ன லாபம் என்பதுதான் கேள்வி. டிரெய்லரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், அதில் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். கார் டிரெய்லர்களில் அதிகம் பார்க்கும் எண் 7,000 பவுண்ட், அதாவது 3,175 கிலோ. 3,500 பவுண்ட் தாங்கும் ஆக்சில் இரண்டு போட்டிருப்பதால் வருகிற எண் அது. இந்த எண் காருக்கு மட்டுமானது அல்ல, டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்தான் அடக்கம். 'ஏழாயிரம் பவுண்ட் டிரெய்லர்' என்று விற்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஏழாயிரம் பவுண்ட் கார் ஏற்றலாம் என்று நம்பி வாங்கியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். 3,175 கிலோவில் அலுமினிய டிரெய்லரின் 700 கிலோவைக் கழித்தால் மிச்சம் 2,475. எஃகு டிரெய்லரின் 950 கிலோவைக் கழித்தால் 2,225.

உங்கள் கார் 1,500 கிலோ செடான் என்றால் இரண்டுமே தாராளம். உங்களுக்கு அலுமினியத்தின் லாபம் டிரெய்லரில் இல்லை, இழுக்கிற வண்டியில்தான்: மேடு ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 250 கிலோ குறைவு. மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர் கதை வேறு. அந்த வண்டிகள் சாதாரணமாக 2,300, 2,400 கிலோ என்று நிற்கின்றன. எஃகு டிரெய்லரில் ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும், அலுமினியத்தில் ஏற்றினால் நூலிழையில் தப்பும், அப்புறம் ஸ்டெப்னி, காரை இழுத்து ஏற்றும் வின்ச், டூல் பெட்டி, காருக்குள் போட்டு வைத்த சாமான் எல்லாம் சேர்ந்தால் அதுவும் தாண்டிவிடும். அவர்கள் பார்க்க வேண்டியது 5,200 பவுண்ட் ஆக்சில் இரண்டு போட்ட டிரெய்லர். அலுமினியச் சட்டம் ஆக்சிலின் தாங்கு திறனை ஒரு கிலோகூடக் கூட்டாது.

விளம்பரத்தாளில் போட்டிருக்கும் வெற்று எடையையும் நம்ப வேண்டாம். பல நேரம் அது ஸ்டெப்னியோ, கார் ஏறும் சரிவுப்பலகையான ராம்ப்போ சேர்க்காத எடை. வாங்கியதும் ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், சீட்டை டிரெய்லர் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார் 4.8 மீட்டர் என்றால் 5 மீட்டர் தளம் போதும் என்று தோன்றும். போதாது. காரை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்த இடம் வேண்டும், ஏனென்றால் கப்ளரின் மேல் அழுத்தும் எடை, டிரெய்லரும் காரும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருப்பது இந்த வகை டிரெய்லருக்குப் பொதுவான கணக்கு. 1,800 கிலோ கார், 700 கிலோ டிரெய்லர் என்றால் 250 முதல் 375 கிலோ. அதே காரை வெறும் 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நிறுத்துங்கள்: கப்ளரிலிருந்து ஆக்சில்களின் நடுப்பகுதி நான்கு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் கப்ளரின் மேல் எடை 135 கிலோ குறைந்துவிடும். பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகம் எடுத்ததும் வால் ஆட்ட ஆரம்பிக்கும், ஒருமுறை ஆரம்பித்தால் ஓட்டுநர் கையில் அதிகம் இல்லை. இழுக்கும் வண்டியின் பின்னால் கப்ளரை மாட்டும் ஹிட்ச்சிலும் ஒரு வரம்பு எழுதியிருக்கும், அதையும் தாண்டக் கூடாது. சரியான இடம் கிடைத்ததும் முன் சக்கரம் நிற்கும் இடத்தில் தளத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த முறை யோசிக்க வேண்டாம்.

இனி இணைப்புகள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எஃகை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் அது களைத்துப்போவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது, சின்னச் சின்ன ஆட்டம்கூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதோடு, இந்த டிரெய்லர்களில் அதிகம் பயன்படும் 6061-டி6 போன்ற கலவைகள் தங்கள் பலத்தைச் சூட்டுப் பதனிடுதலால்தான் பெறுகின்றன. வெல்டு வைக்கும்போது அந்தச் சூடே பக்கத்து உலோகத்தை இளக்கி, அந்த இடத்தில் பலத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடுகிறது. நல்ல தயாரிப்பாளருக்கு இது தெரியும், அதனால் பளு அதிகம் வரும் இடத்தில் வெல்டைத் தவிர்ப்பார், அல்லது அங்கே தடிமனைக் கூட்டுவார், அல்லது போல்ட் போட்டு இணைப்பார். தெரியாதவர், எஃகு டிரெய்லரின் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு உலோகத்தை மட்டும் மாற்றியிருப்பார். கடையில் வரிசையாக நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

அதனால்தான் குனியச் சொல்கிறேன். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். கப்ளரைத் தாங்கும் முன்நீட்டம் பிரதான சட்டத்தோடு சேரும் இடம், ஸ்பிரிங் அல்லது ஆக்சில் மாட்டியிருக்கும் தாங்கிகள், குறுக்குச் சட்டங்களின் முனைகள். இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பழைய டிரெய்லர் என்றால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்: வெல்டு முடியும் விளிம்பை ஒட்டி முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், விரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள், நகம் மாட்டினால் அது அழுக்கு இல்லை, விரிசல். ஆனால் நகம் மாட்டவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் விரிசலைக் காட்டும் சாயம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு அதிகம் ஆகாது. போல்ட்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த கறுப்புத் தூள் படிந்திருந்தால் அந்த இணைப்பு உள்ளுக்குள் உராய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விரிசலைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயு வேண்டும், மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தைச் சுத்தமாக எடுக்க வேண்டும், சரியான கம்பி வேண்டும், அதில் கை பழகிய ஆள் வேண்டும். எஃகு டிரெய்லரை எந்த ஊரிலும் சரிசெய்துவிடலாம், இது அப்படியில்லை.

'துருப்பிடிக்காது' என்ற பேச்சுக்கு வருவோம். செந்துரு வராது, உண்மை. ஆனால் அலுமினியமும் எஃகு, செம்பு போன்ற உலோகமும் ஒட்டி உட்கார்ந்து, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். பனிக்காக உப்புத் தூவும் சாலைகள், கடலோரம், இரண்டும் மோசம். எஃகு ஆக்சில் அலுமினியச் சட்டத்தைத் தொடும் இடத்தில் நடுவில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தகடு இருக்கிறதா, போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா அல்லது நல்ல முலாம் பூசியதா என்று பாருங்கள். ஒருவர் பழைய மரத்தளம் உளுத்துவிட்டதென்று, மழைக்குத் தாங்கட்டும் என்று மருந்தேற்றிய பலகை வாங்கித் தானே மாற்றியிருந்தார். இரண்டு குளிர்காலம் கழித்துப் பிரேக் வேலைக்கு வந்தபோது, ஒரு பலகை லேசாக எழும்பியிருந்ததால் கழற்றினேன். அடியில் குறுக்குச் சட்டத்தின் மேல் முழுக்க வெள்ளை மாவு, சுரண்டினால் கீழே அம்மைத் தழும்பு போலக் குழிகள், ஸ்க்ரூ போட்ட துளைகள் விரல் நுழையும் அளவுக்குப் பெருத்திருந்தன. அந்த மரமருந்தில் செம்பு கலந்திருக்கும், செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேரவே கூடாது. மரத்தளம்தான் வேண்டும் என்றால் நடுவில் தடுப்புப் பட்டை போடாமல் வைக்காதீர்கள்.

விளக்கு வயரிங்கும் இந்த ரகம்தான். எர்த்துக்குத் தனி வயர் இழுக்காமல் சட்டத்தையே எர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால், அலுமினிய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சீக்கிரமே இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மினுக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் தனியாகப் போகிறதா என்று கேளுங்கள்.

சஸ்பென்ஷனில் இரண்டு வகை. பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே ஒரு சமன்கட்டை இருப்பதால் பாரம் தானாகப் பங்கு பிரிந்துகொள்ளும், டிரெய்லர் கொஞ்சம் முன்னே சாய்ந்து போனாலும் சமாளிக்கும். உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சில் சத்தமில்லாமல் மென்மையாகப் போகும், கிரீஸ் வைக்கும் மூட்டுகளும் குறைவு, ஆனால் பாரத்தை அது அப்படிப் பங்கு போடாது. டிரெய்லர் முன்னே தாழ்ந்து போனால் முன் ஆக்சில் மட்டும் சுமக்கும், அந்த டயர்கள்தான் முதலில் போகும். டார்ஷன் வாங்கினால் டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி ஹிட்ச்சின் உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எனக்கு டார்ஷன்தான் பிடிக்கும், ஆனால் ஹிட்ச் உயரத்தை அளந்து பார்க்கச் சோம்பல்படுகிறவருக்கு நான் பட்டை ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன்.

ஏற்றுவதில் இரண்டு விஷயத்தைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். தளம் 55 சென்டிமீட்டர் உயரம், ராம்ப் 1.5 மீட்டர் என்றால் சரிவு 21 டிகிரிக்கு மேல். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் முன்பம்பரை இடிக்கும், தப்பித்து ஏறினாலும் ராம்ப் தளத்தோடு சேரும் முனையில் வயிறு தட்டும். 2.4 மீட்டர் ராம்ப் என்றால் சரிவு 13 டிகிரி. தளத்தின் பின்முனை தாழ்ந்திருக்கும் டிரெய்லரோ, தளமே சாயும் டிரெய்லரோ இன்னும் நல்லது. இரண்டாவது, கதவு. காரை ஏற்றி நிறுத்தியபின் ஓட்டுநர் கதவு மட்கார்டில் இடித்து ஒரு சாண்தான் திறக்கும், ஆள் ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டியிருக்கும். கழற்றக்கூடிய மட்கார்ட், அல்லது கதவு மேலே போகும் அளவுக்குத் தாழ்வான மட்கார்ட் உள்ளதாகப் பாருங்கள். முடிந்தால் உங்கள் காரையே கொண்டுபோய் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள், நல்ல விற்பனையாளர் மறுக்க மாட்டார். மழைநாளில் வழவழப்பான அலுமினியத் தளத்தில் நடப்பதும் சுலபமில்லை, சொரசொரப்பு வரிகள் இருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பாருங்கள்.

காரைக் கட்டும் வளையங்களை மேலே இருந்து பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தளத்தின் அலுமினியப் பலகையில் மட்டும் திருகியிருக்கும் வளையம் திடீர் பிரேக்கில் பலகையைக் கிழித்துக்கொண்டு வரலாம். அடியில் தடித்த தகடு வைத்தோ குறுக்குச் சட்டத்தில் பிடித்தோ போல்ட் போட்டிருக்க வேண்டும். காரைக் கட்டும் பெல்ட்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் 10,000 பவுண்ட் என்பது அது அறுந்துபோகும் அளவு, வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு மூலையிலும் சக்கரத்தின் மேல் சுற்றிக் கட்டும் பெல்ட்டையே நான் சொல்வேன், காரின் சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்தால் வண்டி குதிக்கக் குதிக்க ஸ்பிரிங் அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும்.

பிரேக் இரண்டு ஆக்சிலிலும் இருக்கட்டும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்ச்சின் பின்னை இழுத்துப் பாருங்கள், பழைய டிரெய்லர்களில் அதற்கு மின்சாரம் தரும் சின்ன பேட்டரி பெரும்பாலும் செத்துக் கிடக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நின்றபடியே வயதான டிரெய்லர் டயருக்குப் பூ தேயாமலே இருக்கும், உள்ளே இறுகிப்போயிருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓட்டிக்கொண்டு கிளம்பியதும் முதல் 80 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி, வீல் நட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள், அப்படியே சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ மக்கர் செய்கிறது, மேற்கொண்டு ஓட்டாமல் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.