கொழுந்து வாடிய மாடியில் ஆட்கள் குடியேறினால்

தேயிலைத் தொழிற்சாலையின் கனமான எந்திரங்கள் எல்லாம் தரைத்தளத்தில்தான் நிற்கும். ரோலர், டிரையர், சலிக்கும் எந்திரம் எதுவும் மாடி ஏறாது. பிறகு நீலகிரியின் பழைய தொழிற்சாலைகளுக்கு மூன்று மாடி, நான்கு மாடி எதற்கு? அத்தனையும் பச்சைக் கொழுந்து வாடுவதற்கு. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். அதை மெல்லப் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் காற்றாட விட்டால்தான் இலை துவண்டு உருட்டும் பதத்துக்கு வரும். கட்டடம் நீளமாகவும் அகலம் குறைந்தும் இருப்பது, இருபுறமும் ஜன்னல் வரிசையாக ஓடுவது, கோடியில் ஆளுயர விசிறி இருப்பது எல்லாம் இதற்காகத்தான்.

1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்த பிறகு மூடப்பட்ட தொழிற்சாலைகள் இந்த மாவட்டத்தில் பல. இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1990-களில் ஹோட்டலாக மாறியதிலிருந்து, இங்கும் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை அறை போடலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். முதலில் போட வேண்டிய கணக்கு, அந்தத் தளம் எத்தனை கிலோ தாங்கும் என்பது.

கொழுந்தை வாட்டும் ட்ரஃபில், அதாவது அடியில் வலை விரித்த நீளத் தொட்டியில், ஒரு சதுர மீட்டருக்கு 25, 30 கிலோ கொழுந்து பரப்புவார்கள். ட்ரஃபின் எடை, நடமாடும் ஆட்களின் எடை எல்லாம் சேர்த்தாலும் மரப்பலகைத் தளத்துக்கு அது பெரிய பாரமில்லை. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தரநிலை 875-இன் இரண்டாம் பகுதி, தங்கும் அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, உணவுக்கூடத்துக்கு 400, நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு 500 கிலோ என்று கணக்கிடச் சொல்கிறது. இது உள்ளே வந்து போகும் ஆட்களும் பொருட்களும் தரும் சுமை மட்டுமே. கட்டுமானத்தின் சொந்த எடை தனி. மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் தடுப்பு எழுப்பினால், ஓடும் மீட்டருக்கு 1,300 கிலோ அளவில் வரும். அதே இடத்தில் இரும்புச் சட்டத்தின் இருபக்கமும் ஜிப்சம் பலகை அடித்தால் 75 கிலோவில் முடிந்துவிடும். டைல்ஸ் ஒட்ட ஐந்து சென்டிமீட்டர் கலவை போடுவதே சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். குளியலறைதான் இந்தக் கட்டடங்களை வீழ்த்துகிறது. எடை ஏறும், தண்ணீர் கசியும், கசிந்தது கீழே இருக்கும் மரத்தில் தேங்கும்.

ஆகவே பயன்பாடுகளை அடுக்கும்போது கனமானது கீழே, லேசானது மேலே. சந்தை, சமையலறை, கூட்ட அரங்கு, நூலகத்தின் புத்தக அடுக்குகள் தரைத்தளத்தோடு நிற்கட்டும். மேலே அலுவலக மேசைகள், வாசிப்பறை, தங்கும் அறைகள். குளியலறைகளைத் தளமெங்கும் சிதறவிடாமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டடத்தின் கோடியில் அடுக்கி, அவற்றுக்கெனத் தனி அஸ்திவாரத்தோடு புது இரும்புச் சட்டகம் எழுப்புவது நல்லது. பழைய தளத்தில் அதன் பாரம் ஏறாது. 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஐந்து டன். அதைக் கூரையடியில் வைக்க யாராவது வரைபடம் போட்டால் மறுத்துவிடுங்கள்.

தரைத்தளத்தில் ரோலர்கள் நின்ற கான்கிரீட் மேடைகள் இடைஞ்சலாகத் தெரியும். பிரேக்கர் வைத்து உடைத்தால் அதிர்வில் பக்கத்துத் தூணின் அடிமண் தளரும். தேவைப்பட்டால் மேல்பகுதியை மட்டும் கான்கிரீட் அறுக்கும் ரம்பத்தால் அறுத்து எடுத்து, மேலே தரை போட்டுவிடலாம்.

இரும்புத் தூண், பீம்களில் முதலில் பார்க்க வேண்டியது உலோகம் எது என்பதை. பழைய பீம்களின் மேல் ‘டார்மன் லாங்’ போன்ற உருக்காலைப் பெயர் புடைப்பாக இருக்கும். அது உருக்கு. வட்டமான தூண்கள் வார்ப்பிரும்பாக இருக்கலாம். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், வளைத்தால் சொல்லாமல் உடையும், சாதாரண வெல்டிங்குக்கும் ஒத்துவராது. பழைய உருக்கிலும் கந்தகம், பாஸ்பரஸ் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், அதிகச் சுமை படாத இடத்தில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்தில் இழுத்துப் பார்க்கும்வரை போல்ட் இணைப்பே பாதுகாப்பு. எந்திரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோன நீளத் தண்டைத் தொங்கவிட, பீமின் அடிப்பட்டையில் துளை போட்டிருப்பார்கள். நடுப்பகுதியில் அப்படித் துளை இருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் வலுவைக் கணக்கிட வேண்டும்.

எடையை விடப் பெரிய எதிரி ஓதம். கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். ஐம்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் ‘பலமாக இருக்கட்டும்’ என்று அதன்மேல் சிமெண்ட் பூசியிருப்பார். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் மரப்பீமின் நுனிக்குப் போகும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்க்க நல்ல மரம். குத்தூசியால் நுனியில் குத்தினால் பஞ்சாய் இறங்கும். அழுகிய பகுதியை வெட்டி, நல்ல மரத்தின் இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுச் சுவர்வரை நீட்ட வேண்டும். நுனியைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் காற்றிடைவெளி விடுவது கட்டாயம்.

சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு திரும்பப் பூசுவதற்கு இங்கே காலம் குறைவு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டி, கேத்தியில் உறைபனி. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு பிடிக்காது. ஈரம் உறைந்து பொரிந்து விழும். மிஞ்சுவது பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. ஒப்பந்தக்காரர் ஆகஸ்டில் வேலையைத் தொடங்கலாம் என்றால் அவர் சமவெளியில் வேலை செய்தவர்.

தகரக் கூரையின் கீழே ஆட்கள் தூங்கினால் மூச்சின் ஈரமே இரவில் சொட்டும். கூரைக்கடியில் ஐந்து சென்டிமீட்டர் வெப்பக்காப்புப் பஞ்சும், அதற்கும் கீழே, அதாவது அறைப் பக்கமாக, நீராவி புகாத தாளும் வேண்டும். தாளை மேலே போட்டால் பஞ்சு நனைந்து ஊறும். கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றுங்கள். ஜன்னல்களை மாற்ற வேண்டாம். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்று போட்டால் குளிரும் குறையும், பழைய முகமும் கெடாது.

வெளிச்சம் என்ற வகையில் தேயிலைத் தொழிற்சாலை கொடுத்துவைத்தது. ஊட்டி இந்துநகரில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற ஆலையில் நிலைமை நேர்மாறு. ஒளி பட்டால் படச்சுருள் கெட்டுவிடும் என்பதால் பூச்சு நடக்கும் கூடங்கள் இருட்டாக இருந்தாக வேண்டும். அத்தகைய கூடத்தில் அலுவலகம் வைப்பதென்றால் சுவரைத் திறப்பதே முதல் வேலை. குளிர்பதனக் கிடங்குக்கு அதே இருட்டு வசதி.

தீ விஷயத்தில் ஒரு வியப்பு உண்டு. கனமான வன்மரப் பீம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரியும். அரைமணி நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர். மேல்பூச்சு எதுவும் இல்லாத இரும்போ 550 டிகிரியில் பாதி வலுவை இழக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே புதிதாகச் சேர்க்கும் இரும்புக்குத்தான் தீக்காப்புப் பூச்சு அவசியம். பீம்களின் மேல் பல பத்தாண்டாகப் படிந்த தேயிலைத் தூசியை வெல்டிங் பொறி பறக்கும் முன் வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எந்த இடத்திலிருந்தும் 30 மீட்டருக்குள் ஒரு படிக்கட்டு இருக்க வேண்டும் என்ற விதிக்கு, நீளமான கட்டடத்தில் இருகோடியிலும் படிக்கட்டு தேவைப்படும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. இன்று நிற்கும் நான்கு மாடி போனால், அதே உயரம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி இடிப்பது சூதாட்டம்.

கடைசியில் முற்றம். சரிவை ஒருபக்கம் வெட்டி, அந்த மண்ணையே மறுபக்கம் கொட்டி எடுத்த சமதளத்தில்தான் இவை நிற்கின்றன. விரிசல் வருவது கொட்டிய மண் பக்கம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டித் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் மண் இன்னும் நகர்கிறது, உள்வேலையைத் தொடங்கக் கூடாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 911 மில்லிமீட்டர் கொட்டிய மலை இது. தடுப்புச் சுவரின் வடிதுளைகள் அடைத்திருந்தால் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். அவற்றை ஜூனுக்கு முன் ஒருமுறை, அக்டோபருக்கு முன் ஒருமுறை குத்தித் திறக்க வேண்டும். கொழுந்து லாரி வந்துபோன முற்றத்தில் இனி நாள் முழுக்கக் கார்கள் நிற்கும். அவை சுவர் விளிம்பிலிருந்து குறைந்தது அந்தச் சுவரின் உயரம் அளவுக்காவது உள்ளே தள்ளி நிற்க, இடையில் கல் நட்டுவிடுங்கள்.