மூட்டு இடைவெளியைக் கணினி அளக்கும்போது

முடக்குவாதம் உள்ளவர்களின் கை, கால் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. "போன வருஷப் படத்தைவிட மோசமாகியிருக்கிறதா டாக்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு வெறும் கண்ணால் விடை சொல்வது மிகவும் கடினம்.

எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் கோடு வெற்றிடமன்று. அங்கே இருப்பது, கதிர்கள் எளிதில் ஊடுருவிச் செல்வதால் படத்தில் பதியாத குருத்தெலும்பு. அது தேயத் தேய இடைவெளி குறையும். விரல்களின் அடிமூட்டில் அந்த இடைவெளி ஏறக்குறைய 1.5 முதல் 2 மில்லிமீட்டர்தான். அதில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைந்தால், எத்தனை அனுபவம் இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. மருத்துவ ஆய்வுகளில், ஷார்ப் என்ற மருத்துவர் வகுத்து, 1989இல் வான் டெர் ஹைடே என்ற மருத்துவர் திருத்தியமைத்த மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்கள். கை, பாத மூட்டுகள் ஒவ்வொன்றிலும் எலும்பு அரிப்புக்கும் (எலும்பின் விளிம்பு அரிக்கப்படுவதற்கும்) இடைவெளிக் குறைவுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டினால், மொத்தம் 448 வரை வரும். நுணுக்கமான முறைதான்; ஆனால் நேரம் பிடிக்கும், பயிற்சி பெற்ற இருவர் ஒரே படத்துக்கு வெவ்வேறு எண் தருவதும் உண்டு. ஆகவே அன்றாட மருத்துவத்தில் அதை முழுமையாகச் செய்பவர்கள் அரிது.

இங்கேதான் கணினி உதவுகிறது. படத்தின் வெளிச்சம் சட்டென மாறும் இடத்தை எலும்பின் விளிம்பாகக் கண்டறிந்து, மூட்டின் குறுக்கே பல புள்ளிகளில் இடைவெளியை அளந்து, சராசரியை மில்லிமீட்டரில் தருகிறது மென்பொருள். ஒரே படத்தை எத்தனை முறை கொடுத்தாலும் அதே எண்தான் வரும். இந்த நிதானம் மனிதக் கண்ணுக்கு இல்லை. எலும்பு அரிப்பை அளப்பது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அரிப்பு என்பதே விளிம்பு உடைந்துபோவதுதான்.

ஆனால் கணினி அளப்பது மூட்டையன்று, மூட்டின் நிழலை. இதை எனக்கு அழுத்தமாக உணர்த்திய ஒரு படம் உண்டு. ஒரு பெண்மணியின் வலது ஆள்காட்டி விரல் அடிமூட்டில், முந்தைய ஆண்டைவிட 0.3 மில்லிமீட்டர் இடைவெளி குறைந்திருப்பதாக மென்பொருள் காட்டியது. மருந்தை மாற்ற வேண்டிய அளவுக்குப் பெரிய மாற்றம் அது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதிய படத்தில் அந்த விரல் மேசையில் படியவே இல்லை. வீக்கத்தால் சற்று மடங்கியிருந்தது. மடங்கிய விரலில் ஓர் எலும்பின் விளிம்பு மற்றதன் மேல் ஏறிப் பதிவாகும். குருத்தெலும்பு தேயாமலேயே இடைவெளி சுருங்கித் தெரியும். வீக்கம் வடிந்தபின், உள்ளங்கையை நன்றாகப் பதித்து எடுத்த படத்தில் பழைய அளவே ஏறக்குறைய திரும்பி வந்தது. அந்த எண்ணை அப்படியே நம்பியிருந்தால், தேவையில்லாமல் வலுவான மருந்து ஒன்று அவருக்குப் போயிருக்கும்.

எனவே உங்களிடம் சில கோரிக்கைகள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே நிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். மருத்துவர் பாதங்களையும் எடுக்கச் சொன்னால் தவிர்க்காதீர்கள், கால் சுண்டுவிரலின் அடிமூட்டில்தான் பலருக்கு முதல் அரிப்பு தோன்றுகிறது. கதிர்வீச்சை எண்ணி அஞ்ச வேண்டாம், கைப்படம் ஒன்றின் அளவு சுமார் 0.001 மில்லிசீவர்ட் மட்டுமே. பழைய படங்களின் மூலக் கோப்பைச் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கி வையுங்கள். ஃபிலிமைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பினால், அதில் மில்லிமீட்டர் அளவு தொலைந்துபோகிறது, கணினியால் ஒப்பிடவே முடியாது. படம் எடுக்கும்போது எந்த விரலாவது நீட்ட முடியாமல் வலித்தால், பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்காமல் அங்கேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே எடுப்பவர் அதைக் குறித்து அனுப்பினால், அந்த மூட்டின் எண்ணை நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம்.