நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடங்கள்

1984-இல் திருவாரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்து, 2018-இல் ஓய்வு பெற்றேன். நடுவில் ஐந்து ஊர், பலமுறை மாறிய பாடப் புத்தகம், தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, என்.எஸ்.எஸ். முகாம். கிராமத்தில் பயாலஜி வாத்தியார் என்றால் பாதி டாக்டர். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து "இது எதுக்கு சார்?" என்பார்கள். கோழிக்குச் சீக்கு வந்தாலும் என்னிடம்தான். தென்னையில் வண்டு விழுந்தாலும் என்னிடம்தான். வண்டு என்பதால் அது என் பாடத்துக்குள் வந்துவிடும், சமாளித்துவிடுவேன்.

நாம் சொல்வதை ஊர் அப்படியே நம்பும். அதனால், நான் தப்பாகச் சொன்ன இரண்டு மூன்று விஷயங்களை எழுதிவிடலாம் என்று தோன்றியது. இவை இன்னும் பல வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது சின்னது. நாக்குப் படம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் உவர்ப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று வருஷா வருஷம் கலர் சாக்பீஸில் வரைவேன். ஒருமுறை ஒரு பையன் வீட்டிலிருந்து பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, நுனி நாக்கில் தொட்டு வைத்துக்கொண்டு, "இங்கயும் கசக்குதே சார்" என்றான். "நாக்கைச் சரியாத் துடைக்கலடா" என்று உட்கார வைத்துவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், சுவையை உணரும் திறன் இடத்துக்கு இடம் லேசாகக் கூடிக் குறைகிறது என்றுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைப் படமாகப் போட்டபோது, இங்கே இனிப்பு மட்டும், அங்கே கசப்பு மட்டும் என்று ஆகிவிட்டது. சரி, இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையனுக்குத்தான் ஒரு பாராட்டு பாக்கி.

இரண்டாவது அப்படி இல்லை. நாக்கைக் குழாய் மாதிரி சுருட்ட முடிவது ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவருக்காவது இருந்தால்தான் பிள்ளைக்கு வரும், முடியாதது ஒடுங்கு பண்பு என்று மெண்டலின் மரபியல் பாடத்தில் சொல்லி, வகுப்பையே நாக்கை நீட்டச் சொல்வேன். ஒரே சிரிப்பாக இருக்கும். "வீட்டுல அம்மா அப்பாவையும் பாத்துட்டு வாங்க" என்று அனுப்புவேன். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி மறுநாள் மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அவளால் சுருட்ட முடியும். அப்பாவாலும் முடியவில்லை, அம்மாவாலும் முடியவில்லை. நான் போர்டில் போட்ட கட்டத்தின்படி அவள் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கவே முடியாது. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள், ஆனால் கேட்க வாய் வரவில்லை.

நல்லவேளையாக ஒரு பழைய மரபியல் புத்தகம் கையில் கிடைத்தது. நாக்குச் சுருட்டலை ஒரே மரபணுக் கணக்காக 1940-இல் சொன்னவர் ஸ்டர்டெவன்ட், மரபியலில் பெரிய மேதை. 1952-இல் மேட்லாக் என்பவர் ஒற்றைக் கரு இரட்டையர்கள் 33 ஜோடியைப் பார்த்ததில், 7 ஜோடியில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணு உள்ளவர்களே இப்படி என்றால் கட்டம் எப்படிப் பொருந்தும்? தன் கணக்கு தவறு என்று ஸ்டர்டெவன்ட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னேன். மறுநாள் வகுப்பிலும், அவள் பெயரை எடுக்காமல், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் பெற்றோரைச் சோதித்து வரச் சொன்னதில்லை. இரத்த வகைச் சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும். ஓடு மேல் ஒரு சொட்டு இரத்தம், இரத்த வகையைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிசீரம் என்ற திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பிராக்டிகலில், ஆன்டிசீரம் பாட்டில் ஃபிரிட்ஜில் இல்லாமல் பீரோவில் கிடந்திருந்தால் முடிவு மாறிப்போகும். பள்ளிக்கூடத்து இரத்தச் சோதனையை நம்பி வீட்டில் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறி இரத்தத்தை வெளியேற்று. அந்தக் காலத்து முதலுதவிப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. நானும் ஃபார்மலின் ஜாடியில் இருந்த பாம்பைக் காட்டி, கயிறு கட்டும் விதத்தை ஒரு பையன் காலிலேயே செய்து காட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருஷம்.

அந்தக் காலில் கட்டிக் காட்டிய பையனே பெரியவனாகி, அறுப்புச் சமயத்தில் கண்ணாடி விரியன் மேல் கால் வைத்துவிட்டான். தகவல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முழங்காலுக்குக் கீழே வைக்கோல் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கீழே கால் கருநீலமாக வீங்கியிருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே கட்டிட்டேன் சார்" என்றான், பெருமையாகவே. பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டை உடனே அவிழ்க்கவும் அவர் விடவில்லை. தேங்கிய விஷம் மொத்தமாக இரத்தத்தில் இறங்கும் என்று, விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிய பிறகே மெல்லத் தளர்த்தினார். உயிர் பிழைத்தான். இரண்டு கால் விரல்கள் போயின. விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும். அதை ஓரிடத்தில் கட்டிப் பூட்டி வைத்தால் அங்கேயே இருந்து தின்னும். விஷத்தைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கப் பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை.

அங்கே இன்னொன்றும் பார்த்தேன். சுத்தமான, காய்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்திருந்து, அப்புறம் மெதுவாகச் சாய்த்தார்கள். நல்ல இரத்தம் அதற்குள் உறைந்திருக்கும். அவனுடையது, விரியன் விஷத்தால் உறையாமல், தண்ணீர் மாதிரி ஓடியது. என் லேபில் டஜன் கணக்கில் கிடக்கும் அதே குழாய்.

இப்போது நான் சொல்வது இதைத்தான். கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல மட்டை வைத்து அசையாமல் செய்யுங்கள். நடக்க விடாதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, அதைத் தேடிப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கியதுதான் மிச்சம். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து ஒன்றே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து, குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. அரசு மருத்துவமனையில் இலவசம். அதற்கான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுப்பவர்கள் சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர், 1978 முதல். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் நின்ற ஒரே சுற்றுலா அதுதான்.

"பச்சிலையில் பிழைத்தாரே" என்று கேட்பார்கள். கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அப்போது எதைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள், பச்சிலைக்குப் பேர் கிடைக்கும். நம் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலி இருக்காது, பல் பதிந்த தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். வீட்டில் வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் இமை சொக்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. தரையில் படுத்த ஆள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் ஓமத்தைத் தேடாமல் வண்டியைத் தேடுங்கள். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தாலே பெரிய பாதுகாப்பு.

விரல் போன அந்த மாணவன் போன மாசம் போன் செய்தான். விடிகாலை நாலு மணிக்கு அவன் மனைவிக்கு வயிற்றுவலி. லைட்டைப் போட்டுப் பார்த்தால் இமை பாதி மூடியிருந்தது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறான். இரண்டு நாள் வென்டிலேட்டர், ஆறாம் நாள் வீடு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன், "எங்கயும் கயிறு கட்டல சார்" என்றான்.