மாமா டொரன்டோவில், விண்ணப்பம் மனிடோபாவுக்கு: மாகாண நியமனக் கோப்பு சறுக்கும் இடங்கள்

கனடா பிஆர், அதாவது நிரந்தரக் குடியுரிமை அனுமதி, கிடைக்க மாகாண நியமனம்தான் குறுக்குவழி என்ற பேச்சு நம் ஊரில் வெகுநாளாக உலவுகிறது. கிளப்பிவிட்டது 600 என்ற எண். திறன்மிக்க தொழிலாளரை மதிப்பெண் வரிசையில் எடுக்கும் மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மொத்த மதிப்பெண்ணே 1,200; அதில் பாதியை ஒரு மாகாணத்தின் நியமனம் தூக்கிக் கொடுத்துவிடுகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்த ஆள் எங்கள் பக்கம் வந்து வேலை பார்ப்பார், இங்கேயே தங்குவார் என்று நம்பினால்தான் மாகாணம் அதைத் தருகிறது. நாங்கள் பார்க்கும் நிராகரிப்புக் கடிதங்களில் பலவும் அந்த நம்பிக்கை எங்கோ உடைந்ததைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கின்றன.

கியூபெக்கும் நுனாவுட்டும் இந்தத் திட்டத்தில் இல்லை. மற்ற மாகாணங்களும் பிரதேசங்களும் மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தமக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் ஆட்களை நியமிக்கின்றன. நியமிப்பதோடு மாகாணத்தின் வேலை முடிந்தது. பிஆர் தருவது ஒட்டாவாவின் குடிவரவுத் துறையான ஐஆர்சிசி. மாகாணத்துக்குக் கொடுத்த அதே விவரங்களை அங்கே இன்னொரு அதிகாரி முதலிலிருந்து படிப்பார். குடிவரவு விதிகளின் 87-ஆம் பிரிவுப்படி, நியமித்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருக்க வேண்டும். இவர் அங்கே பொருளாதார ரீதியில் காலூன்ற மாட்டார் என்று அதிகாரிக்குத் தோன்றினால், மாகாணத்தைக் கலந்தாலோசித்துவிட்டு, நியமனம் கையில் இருந்தாலும் மறுக்கலாம். “நாமினேஷன் வந்துவிட்டது, இனி கவலையில்லை” என்று வீட்டை விற்கக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இடம் குறைந்திருக்கிறது

மாகாண நியமனத்தில் பிஆர் பெறுவோருக்கான நாடளாவிய இலக்கு 2024-இல் 1,10,000. 2025-க்கு அதைப் பாதியாக வெட்டி 55,000 ஆக்கினார்கள். 2026-க்கு 91,500 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். இந்த எண்களில் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லாரும் அடக்கம்.

வெட்டு விழுந்தபோது மாகாணங்கள் முதலில் ஏற்கெனவே கனடாவுக்குள் இருப்பவர்களைப் பார்த்தன. சஸ்காட்சவான் 2025-இல் தன் நியமனங்களில் 75 விழுக்காட்டை உள்ளே தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கியது. வெளிநாட்டிலிருந்து எடுப்பதை மருத்துவம், விவசாயம், கைத்தொழில் என்று சுருக்கியது. ஓட்டல், லாரி ஓட்டுதல், சில்லறை வணிகம் ஆகிய துறைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. மனிடோபாவில் வெளிநாட்டுப் பிரிவில் ‘விண்ணப்பியுங்கள்’ என்று கூப்பிடும் அழைப்புச் சுற்றுகளும் பெரும்பாலும் அந்த மாகாணமே நேரில் ஆளெடுத்த முகாம்களில் தேர்வானவர்களுக்குத்தான் போகின்றன.

எனவே கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு, எந்த மாகாணத்திலும் வேலையும் இல்லாமல் உறவும் இல்லாமல் பதிவு மட்டும் போட்டு வைப்பவருக்கு இப்போது வாய்ப்பு மிகக் குறைவு. விருப்பத்தைப் பதிவுசெய்ய மனிடோபாவில் கட்டணமே கிடையாது. அந்த இலவசப் பதிவைப் போட்டுத்தர லட்சக்கணக்கில் வாங்கும் அலுவலகங்கள் இன்னும் ஓகோவென்று நடக்கின்றன என்பது வேறு கதை.

உறவு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கணக்கு

கனடாத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினர் இருப்பது ஒன்டாரியோவில்: ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன். ஆகவே நம்மவர் மனிடோபாவுக்கு விண்ணப்பிக்கும்போது, மாமாவும் அக்காவும் டொரன்டோ பக்கம் இருக்கிறார்கள் என்ற விவரம் கோப்பில் வந்தே தீரும். அதை மறைக்கச் சொல்லும் ஆலோசனைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. உறவினர் தங்கள் பழைய பிஆர் அல்லது ஸ்பான்சர் படிவங்களில் எழுதிய குடும்ப விவரம் ஐஆர்சிசியிடம் இருக்கிறது. பொய் என்று முடிவானால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுத் தடை.

பதிவு செய்தவர்களுக்கு மனிடோபா தனியாகப் போடும் தரவரிசையைப் பாருங்கள். மாகாணத்தில் நெருங்கிய உறவினர் இருந்தால் 200 மதிப்பெண். நண்பரோ தூரத்து உறவோ இருந்தால் 50. தலைநகர் வின்னிபெக்கைத் தாண்டி வெளியே குடியேறுவதாகச் சொன்னால் 50. அங்கேயே ஆறு மாதம் வேலை பார்த்து, அதே முதலாளி நீண்டகால வேலையும் தந்தால் 500. வேறு மாகாணத்தில் வேலை பார்த்திருந்தால் 100 கழியும். வேறு மாகாணத்தில் படித்திருந்தால் இன்னொரு 100 கழியும். டொரன்டோ கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு, ஒன்டாரியோவில் போட்டி அதிகம் என்று மனிடோபா பக்கம் திரும்புகிறவர் 200 குறைவோடுதான் தொடங்குகிறார்.

நெருங்கிய உறவு என்ற பட்டியலில் சித்தப்பா, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள்கூட வருகிறார்கள் என்பது நமக்குச் சாதகம். ஆனால் அதைக் காகிதத்தில் நிறுவ வேண்டும். அத்தை மகன் உறவு என்றால் உங்கள் பிறப்புச் சான்று, உங்கள் அப்பாவின் சான்று, அத்தையின் சான்று, அத்தை மகனின் சான்று என்று சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். 1950-களில் கிராமத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கப்போகிறது? பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றில் அப்பா பெயரும் அத்தையின் அப்பா பெயரும் ஒன்றாக இருப்பதைக் காட்டி, ஒரு விளக்கக் கடிதமும் வைக்க வேண்டியிருக்கும். அழைப்பு வந்த பிறகு இதைத் தேட ஆரம்பித்தால் போதவே போதாது; மனிடோபா தரும் அவகாசம் 60 நாள்.

இப்படி அங்கிருந்து ஆதரவு தரும் உறவினரோ நண்பரோ கனடா குடிமகனாகவோ பிஆர் உள்ளவராகவோ இருந்து, மனிடோபாவில் குறைந்தது ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும். நண்பர் என்றால், அவர் அதே நேரத்தில் வேறொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முகநூலில் பணம் கொடுத்துப் பிடித்த நண்பர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார், கூடவே விண்ணப்பதாரரும்.

விண்ணப்பத்தில் குடியேற்றத் திட்டம் என்ற பகுதியைப் பலர் இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். மனிடோபா ஏரிகள் நிறைந்த அழகிய மாகாணம் என்று மனிடோபா அதிகாரிக்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் தொழிலுக்கு அங்கே யார் ஆளெடுக்கிறார்கள், உரிமம் தேவையா, எந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு, முதல் மூன்று மாதம் செலவு எதிலிருந்து என்று எழுதுங்கள். டொரன்டோவில் அக்கா இருக்கும்போது வின்னிபெக் ஏன் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அக்கவுண்டன்ட் என்று போட்டால் அக்கவுண்டன்ட் ஆகிவிடுமா?

வேலைக் கடிதத்தில்தான் அதிகமான கோப்புகள் அடிவாங்குகின்றன. கனடா வேலைகளை நோக் என்ற ஐந்திலக்கக் குறியீட்டில் வகைப்படுத்துகிறது. இரண்டாவது இலக்கம் அந்த வேலையின் தகுதிப் படியைக் காட்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 0 முதல் 3 வரையிலான படிகள் மட்டுமே செல்லும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பதவி சீனியர் அக்கவுண்டன்ட், அனுபவம் ஆறு வருடம். ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு 11100 போடுவார்; அது கணக்காளர், தணிக்கையாளருக்கானது, படி 1. கடிதத்தில் உள்ள வேலைகள்: பில் பதிவு, வவுச்சர் சரிபார்ப்பு, வரவேண்டிய பாக்கிக்குத் தொலைபேசி, டேலியில் பதிவேற்றம். அதிகாரி இதைப் படித்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது 14200, கணக்கு எழுத்தர், படி 4. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குத் தகுதியே போய்விடும். அதே ஆள் உண்மையிலேயே பேரேடு பராமரித்து, வங்கிக் கணக்கு ஒப்பிட்டு, இருப்பாய்வு தயாரித்து, ஜிஎஸ்டி தாக்கலும் செய்திருந்தால் 12200 பொருந்தும். அது படி 2. செய்த வேலையை எழுதாமல் பதவிப் பெயரை மட்டும் பெரிதாக எழுதிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கடிதம் நிறுவனத் தாளில் இருக்க வேண்டும். பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் அலவன்சுகளும், செய்த வேலைகள், கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் எல்லாம் அதில் வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் முழுநேரம். மணி நேரத்தைக் குறிப்பிடாத கடிதம் மிக அதிகம். அந்த ஒரு வரி இல்லாமல் முழு அனுபவமும் கணக்கில் வராமல் போகலாம். நோக் இணையதளத்தில் உள்ள வாக்கியங்களை வரிக்கு வரி நகலெடுப்பதும் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பெரிய ஐடி நிறுவனங்களின் மனிதவளத் துறை தேதியும் பதவியும் தவிர எதுவும் எழுதித் தராது. அப்போது அந்தக் கடிதத்தோடு, மேலாளர் தன் பெயரில் எழுதிய வேலை விவரக் கடிதம், நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வருமான வரிக்கான படிவம் 16, ஏன் நிறுவனம் தரவில்லை என்பதற்கான விளக்கம், கேட்டதற்குச் சான்றாக மின்னஞ்சல் ஆகியவற்றை வையுங்கள். மாகாணத்துக்குக் கொடுத்த அதே கடிதம்தான் ஐஆர்சிசிக்கும் போக வேண்டும். நடுவில் “திருத்திய” கடிதம் வாங்கினால் இரண்டும் ஒப்பிடப்படும்.

பணமும் பெயரும்

எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கான கையிருப்புத் தொகை 2025 ஜூலை நிலவரப்படி ஒருவருக்கு 15,263 கனடா டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362. ஆண்டுதோறும் மாறும். மனைவியும் பிள்ளைகளும் பிறகு வருவார்கள் என்றாலும் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய நாள், இன்றைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு, நிலுவைக் கடன் எல்லாம் இருக்க வேண்டும். கைமாற்று வாங்கிப் போட்ட பணம் சராசரியில் பல்லிளித்துவிடும். வீடும் நிலமும் கணக்கில் வராது. அப்பா கொடுத்த பணம் என்றால் திருப்பித் தரத் தேவையில்லை என்ற கடிதமும், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற ஆவணமும் வேண்டும்.

பெயர் நமக்கே உரிய தலைவலி. பட்டச் சான்றில் ‘கே. செந்தில்’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில் குமரேசன்’, கம்பெனிக் கடிதத்தில் ‘செந்தில்குமார்’. மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழி ஒன்று ஆரம்பத்திலேயே தயார் செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஐஆர்சிசி படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, அடுத்த கட்டத்தைக் காலியாக விட வேண்டும். நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் படிப்பு மதிப்பீட்டுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் பதியும்போது பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகட்டும்.

நியமனம் வந்த பிறகு

எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக வந்த நியமனத்தை உங்கள் கணக்கில் 30 நாளுக்குள் ஏற்க வேண்டும். பிறகு ஐஆர்சிசியின் அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்துக்கும் 60 நாள். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் முன்கூட்டியே முடித்துச் சேர்க்க வேண்டும். கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து 6 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டின் போலீஸ் சான்றும் வேண்டும். சவுதி, குவைத் என்று வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு இதுதான் இழுக்கும். 60 நாளை நம்பி உட்காராதீர்கள். ஆங்கிலத் தேர்வு முடிவு 2 ஆண்டும், படிப்பு மதிப்பீடு 5 ஆண்டும்தான் செல்லும்.

இடையில் வேலை மாறினாலும், திருமணமானாலும், குழந்தை பிறந்தாலும் மாகாணத்துக்கும் ஐஆர்சிசிக்கும் தெரிவிக்க வேண்டும். முதலாளியை வைத்து வந்த நியமனம் என்றால், அந்த வேலை போனதும் மாகாணம் நியமனத்தைத் திரும்பப் பெறலாம். திருமணத்தைச் சொல்லாமல் போய் இறங்கியவர் பிறகு மனைவியை ஸ்பான்சர் செய்வது பெரும்பாடு. அறிவிக்கப்படாத துணையைக் குடும்பப் பிரிவிலேயே விதி சேர்ப்பதில்லை. ‘விசா வந்ததும் கல்யாணம், கல்யாணமான வாரமே பயணம்’ என்று திட்டமிடும் வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தர உரிமை உள்ளவர்கள் கனடா வழக்கறிஞர்களும், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவர்களும், இன்னும் ஓரிரு வகையினரும்தான். ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். பிரதிநிதிப் படிவமான ஐஎம்எம் 5476-இல் பெயர் போட மறுப்பவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். இணையக் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள். ஏஜென்ட் எழுதிய பொய்க்கும் தடை உங்கள் பெயரில்தான் விழும். வேலைக் கடிதத்துக்கு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது மனிடோபாவிலும் சஸ்காட்சவானிலும் குற்றம்.

போய் இறங்கிய பிறகு வேறு மாகாணத்துக்கு மாறலாமா என்று கேட்காதவர் இல்லை. பிஆர் உள்ளவர் நாட்டின் எந்த மாகாணத்துக்கும் போய் வாழ உரிமை உண்டு. அரசியல் சாசனத்தின் உரிமைப் பட்டயம் 6-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. பார்க்கப்படுவது, இறங்கிய அன்று உங்கள் எண்ணம் என்னவாக இருந்தது என்பது. சென்னையிலிருந்து வருபவருக்கு டொரன்டோ பியர்சன் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை நடக்கலாம். எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்கும்போது கையில் வின்னிபெக் போகும் டிக்கெட் இருக்க வேண்டும், பிஆர் அட்டை வந்துசேர அங்கேயே ஒரு முகவரி இருக்க வேண்டும். அட்டைக்கு ஸ்கார்பரோ மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, நான் மனிடோபாவில்தான் தங்கப்போகிறேன் என்றால் அடுத்த கேள்வி வரத்தான் செய்யும். போய், வீடு பிடித்து, வேலைக்கு மனுப்போட்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மாகாண மருத்துவ அட்டை, விண்ணப்பித்த வேலைகளின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு வேலை கிடைக்காமல் மாற நேர்ந்தாலும், குடியுரிமைக்குப் போகும்போது யாராவது திருப்பிக் கேட்டால் காட்ட அவை இருக்கும்.