ஒன்றும் ஆகாத வரை கண்ணில் படாத ஆபத்துகள்

விமானப் பாதுகாப்புத் தணிக்கையில் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இடர்ப் பதிவேட்டில், அதாவது நிறுவனம் தனக்குத் தெரிந்த ஆபத்துகளைக் குறித்து வைக்கும் பட்டியலில், ஏறிவிட்ட ஆபத்துகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பறவை மோதலையும் ஓடுபாதையில் தேங்கும் நீரையும் எல்லோரும் அறிவார்கள். 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே' என்ற நிம்மதிக்குள் இருப்பவைதான் பதிவேட்டுக்கு வந்து சேர்வதில்லை.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், ஏறத்தாழ 17,000 அடி உயரத்தில் விமானி அறையின் இடப்பக்கக் கண்ணாடி பெயர்ந்து போக, தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர். பறப்பதற்குச் சுமார் 27 மணி நேரம் முன்னர்தான் இரவு ஷிஃப்டில் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதில் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84, உரியதைவிட விட்டம் குறைந்தவை.

கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் விசாரணையில் தெரியவந்த விவரங்கள் அதற்கு இடம் தரவில்லை. கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டே புதியவை எடுக்கப்பட்டன. அந்தப் பழைய போல்ட்டுகளிலேயே பெரும்பாலானவை உரிய நீளத்தைவிடக் குட்டையானவை. அவற்றோடு விமானம் தொல்லையின்றிப் பறந்து வந்திருக்கிறது. மற்றொருவர் சரிபார்த்தே தீர வேண்டிய வேலைகளின் பட்டியலிலும் கண்ணாடி மாற்றுவது இல்லாததால், செய்தவரே கையெழுத்திட்டது விதிமீறலும் அன்று. அதற்கு முந்தைய நாள் தணிக்கை செய்திருந்தால் நானும் அங்கே குறை கண்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

வடிவமைப்புக்குள்ளும் இப்படி ஒளிந்திருப்பது உண்டு. 2005 ஆகஸ்ட் 14 அன்று 121 பேர் உயிரிழந்த சைப்ரஸின் ஹீலியோஸ் நிறுவன போயிங் 737 விபத்தில், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதை அறிவித்த ஒலியை, புறப்பாட்டுக்கான அமைப்புகள் சரியாக இல்லை என்று தரையில் ஒலிக்கும் எச்சரிக்கை என்று விமானிகள் எடுத்துக்கொண்டனர். இரண்டுக்கும் ஒரே ஒலிதான்.

எனவே பணிமனைக்குள் நுழைந்ததும் கோப்புகளைக் கேட்பதற்கு முன், சுவரிலும் கருவிப் பெட்டி மூடியிலும் கையால் எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டுகளைத் தேடுவேன். 'இந்தத் திருகை இரண்டு முறை பார்' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், கையேடு சொல்லாத எதையோ அவர் ஒருமுறை பட்டு அறிந்திருக்கிறார். அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், இதுவரை ஏன் அறிக்கையாக வரவில்லை என்று விசாரிப்பதிலேயே எனக்குப் பெரும்பாலும் முதல் நாள் கழிந்துவிடும்.