சிவப்புக் கோடு பிளஸ் அல்ல

சென்ற வாரம் கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி, துண்டில் சுற்றிய சிந்தசைசர் மாட்யூல் ஒன்றை என் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தார். சிந்தசைசர் என்பது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி, மாட்யூல் அதன் ஒரு தனிப் பகுதி. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய அம்மான் வாங்கி அனுப்பியது. துண்டைப் பிரித்ததுமே கருகிய வாடை வந்தது. கேபிளை எப்படிச் சொருகினீர்கள் என்று கேட்டேன். “சிவப்பைப் பிளஸ் பக்கம் வைத்துத்தான் சொருகினேன் அண்ணே” என்றார்.

இந்த ஆண்டில் இதே பதிலைக் கேட்பது நான்காவது முறை. காரைக்குடி வட்டாரத்தில் இப்படி மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டும் மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் நான்கு பேர் ஒரே தவறைச் செய்திருக்கும்போது எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

சிவப்பு என்றால் பிளஸ் என்பது நம் கையிலேயே ஊறிப்போனது. இன்வெர்ட்டர் பேட்டரியிலும் கார் பேட்டரியிலும் சிவப்புதான் பிளஸ். மல்டிமீட்டரிலும் அப்படியே. பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ். ஆனால் யூரோராக் என்ற பொது அமைப்பில் செய்த மாட்யூலின் முதுகில் சொருகும் ரிப்பன் கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட். மறுபடியும் சொல்கிறேன், மைனஸ். அந்தக் கோட்டுக்கும் பிளஸ் மைனஸுக்கும் பிறவியில் தொடர்பே இல்லை. பட்டைக் கேபிளில் முதல் கம்பி எது என்று காட்டப் போடும் அடையாளம் அது. பழைய கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க்கை இணைத்த கேபிளிலும் இதே கோடு இருந்தது. 1990களில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் கொண்டுவந்த ஏ-100 என்ற மாட்யூல் வரிசையில் கோடு உள்ள ஓரம் மைனஸ் 12 ஆக அமைந்தது. பின்னால் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

பத்துப் பின் சாக்கெட்டில் கோட்டுப் பக்கம் இரண்டு பின் மைனஸ் 12, நடுவில் ஆறு கிரவுண்டு, மறு ஓரத்தில் இரண்டு பிளஸ் 12. கேபிளைத் திருப்பிப் போட்டால் கிரவுண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பிளஸும் மைனஸும் மட்டும் இடம் மாறும். “12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்” என்கிறார்கள். உங்கள் கைக்கு ஒன்றும் ஆகாது. ஐ.சி.க்கு அது இரு முனைகளுக்கும் நடுவே தலைகீழாக வரும் 24 வோல்ட். தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் டையோடு இல்லாத மாட்யூல் என்றால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

சாக்கெட்டைச் சுற்றிப் பெட்டியும் அதில் ஒரு வெட்டும் இருக்கிறதே, தப்பாகச் சொருகவே முடியாதே என்று நம்பிவிடாதீர்கள். கேபிள் செய்தவர் ஒரு முனையின் கனெக்டரைத் தலைகீழாக அழுத்திப் பொருத்தியிருந்தால் அந்த வெட்டே உங்களைத் தவறான பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோட்டையூர்த் தம்பிக்கு அந்தப் பெட்டிகூட இல்லை, வெறும் பின்கள்தான். பெட்டி இல்லாத சாக்கெட்டில் ஒரு வரிசை தள்ளிச் சொருகினாலும் சேதம்தான். மாட்யூலின் பலகையில் மைனஸ் 12 என்றோ, சிவப்புக் கோட்டுக்கான ஒரு வெள்ளைக் கோடோ அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். அடையாளமே இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள். ஊகிக்காதீர்கள்.  

சொருகும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவுங்கள். பவர் விளக்குகள் முழுதும் அணையட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது மாட்யூல். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு மங்கினாலோ வாடை வந்தாலோ உடனே பிடுங்குங்கள். மாட்யூல்கள் இழுக்கும் மில்லி ஆம்பியர்களைப் பிளஸுக்கும் மைனஸுக்கும் தனித்தனியாகக் கூட்டி, பவர் சப்ளையின் திறனில் கால் பங்காவது மிச்சம் வையுங்கள். மாட்யூலுக்கு மாட்யூல் ஒலியைக் கொண்டுபோகும் முன்பக்கத்து பேட்ச் கேபிள்களை இணைக்கத்தான் பலர் நடுங்குகிறார்கள். பெரும்பாலான மாட்யூல்களில் அவுட்புட்டில் ரெசிஸ்டர் உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். அந்த பயத்தைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

230 வோல்ட் நேராக உள்ளே வரும் பவர் சப்ளையைத் தொடக்கத்தில் நீங்களே கட்ட வேண்டாம். மாட்யூல்களை மாட்டும் பெட்டியை வெளியே அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். எர்த் விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்கிறேன். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் தேக்குத் தூண் அசையாமல் நிற்கிறது, வயரிங்தான் தாத்தா காலத்தது. முகப்பில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ‘ஊம்’ என்று இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. துடைத்த ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று அந்த உலோகப் பெட்டியைத் தொடப்போவது நீங்கள்தான். சிந்தசைசர், மிக்சர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் ஒலி செல்லும் கேபிளின் நடுவே இரு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பின்றிப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

மாடுலரின் ஒலி ஏறக்குறைய 10 வோல்ட் வீச்சில் வரும். வீட்டு ஆடியோ கருவி எதிர்பார்ப்பது 1 வோல்ட்டுக்கும் குறைவு. நடுவில் அந்த அளவைக் குறைக்கும் அவுட்புட் மாட்யூல் வேண்டும், மிக்சரின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) கீழே வைத்துத் தொடங்க வேண்டும். ஹெட்போனை நேராகச் சொருகிக் காதில் மாட்டாதீர்கள், தயவுசெய்து.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வி.சி.வி. ராக் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகுங்கள். அதன் இலவசப் பதிப்பே போதும். ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர், அதை வடிகட்டும் ஃபில்டர், அளவைக் கூட்டிக் குறைக்கும் வி.சி.ஏ., ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் என்று எது எங்கே போகிறது என்று அதில் புரிந்துவிடும். எரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

தம்பியின் மாட்யூலில் இரண்டு ஐ.சி. போயிருக்கிறது, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கிறேன். பழுதுக்குக் கொண்டுவருகிறவர்கள் சொருகிய கேபிளையும் கூடவே கொண்டுவாருங்கள். அதைச் சோதிக்காமல் மாட்யூலைத் திருப்பித் தர மாட்டேன்.