பெக்கோ வருவதற்கு முன் பிரதேச சபையில் என்ன கேட்கலாம்?

இலங்கை மலையகத்தில், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே இருக்கிற மேட்டில் ஒரு நாள் காலையில் பெக்கோ, அதுதான் மண் வெட்டும் இயந்திரம், வந்து நிற்கிறது. தேயிலையைப் பிடுங்கி, மண்ணைச் செங்குத்தாக வெட்டி இறக்குகிறார்கள், அடுத்த மழையில் பீலித் தண்ணீர் சாயத்தண்ணி நிறத்தில் வருகிறது. பிரதேச சபை (நம் ஊர் உள்ளூராட்சி சபை) உறுப்பினரிடம் போனால் "அது சுற்றாடல் அதிகாரசபை பார்க்கிற வேலை" என்கிறார். அங்கே போனால் "இது சின்ன வேலை, பிரதேச சபையில் கேளுங்கள்" என்கிறார்கள். இப்படி அலைந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஆனால் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, சட்டத்தில் வேலை அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது, எது யார் கையில் என்று முதலே தெரிந்துகொண்டால் பாதி நடை மிச்சமாகும்.

பெரிய வேலைகளைப் பிரதேச சபை தீர்மானிப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தி, குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு முன்கூட்டியே சுற்றாடல் அனுமதி வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். எந்த வேலைகள் என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் வந்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல், ஒரு ஹெக்டேருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 50 ஹெக்டேருக்கு மேல் நிலத்தைத் துப்புரவாக்குவது, 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்ப்பது எல்லாம் அதில் உண்டு. இதற்கு அனுமதி தருவது மத்திய சுற்றாடல் அதிகாரசபை அல்லது வர்த்தமானியில் பெயர் குறித்த வேறொரு அரச நிறுவனம். வேலையைச் செய்யப் போகிற நிறுவனமே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது.

அப்போ 90 அறை ஹோட்டல் கட்டினால் கேள்வியே இல்லையா? இதைத்தான் பலர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அதே வர்த்தமானியில் இன்னொரு பகுதி இருக்கிறது: ஒதுக்குக் காட்டின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள், மண்ணரிப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், 25 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் கரையிலிருந்து 60 மீட்டருக்குள், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய ஒதுக்கு நிலத்தில் என்றால், பட்டியலில் உள்ள வகை வேலை எத்தனை சிறியதானாலும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். மலையகத்தில் காடும் ஆறும் நீர்த்தேக்கமும் இல்லாத பக்கம் எது? அதனால் "அளவு குறைவு" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். இடம் எங்கே, ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர், காட்டு எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

ஆய்வு இரண்டு வகை. பாதிப்பு குறைவு என்று கருதினால் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை, கூடுதல் என்றால் முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு. முழு மதிப்பீடு முடிந்ததும் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டு, அன்றிலிருந்து 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்பதும் அறிவித்தலிலேயே இருக்கும், பிரதேச செயலகமாகவோ பிரதேச சபையாகவோ இருக்கலாம். சின்ன ஆய்வுக்கு இந்த 30 நாள் கிடையாது (2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள், எனக்கு அது இன்றைக்கும் சரியாகப் படவில்லை), ஆனால் அந்த அறிக்கையும் பொது ஆவணம்தான், போய்ப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

மதிப்பீடு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சுரங்கம் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகிற உமா ஓயா நீர்த்திட்டத்துக்கு மதிப்பீடு நடந்தது, அப்படியிருந்தும் 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தன் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும், அது அறிக்கைக்குள் போக வழி அந்த 30 நாள்தான்.

இனி பிரதேச சபை. நம் கண்ணில் படுகிற வேலைகளில் பெரும்பாலானவை இதன் கையில்தான்: மூன்று மாடிக் கட்டடம், சின்ன ஹோட்டல், கராஜ், பேக்கரி. கட்டட வரைபடத்துக்கு அனுமதி சபையில்தான் வாங்க வேண்டும். நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவித்த இடம் என்றால் நகர அபிவிருத்தி அதிகாரசபை ஒப்படைத்த அதிகாரத்தில் திட்டமிடல் குழு கூடிப் பார்க்கும், கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் தனியாக வேண்டும். மாசு குறைவு என்று வகைப்படுத்திய சிறு தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரத்தையும் மத்திய அதிகாரசபை உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. கராஜின் எண்ணெய் ஓடைக்குள் போனால் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பத்திரத்தைத்தான். அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும், மீறினால் பத்திரத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான காகிதம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் இது வேண்டும் என்ற ஏற்பாடு 2011இலிருந்து இருக்கிறது. மேட்டை எவ்வளவு உயரம் வெட்டலாம், தாங்கு சுவர் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் நிபந்தனையாக வரும். பெக்கோ வந்த இடத்தில் இந்த நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்து இறங்கியது. அது ஆபத்தான இடம் என்று அந்த நிறுவனம் பல வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தது.

தோட்டத்துக்குள் இருப்பவர்கள் "நமக்கும் சபைக்கும் என்ன" என்று இன்றும் நினைக்கிறார்கள். தோட்டங்களுக்குள் சபை வேலை செய்யச் சட்டத்திலேயே தடை இருந்தது உண்மை, அதை 2018இல் திருத்திவிட்டார்கள். அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை சபைகளும் புதிதாக இயங்கத் தொடங்கின. அது உங்கள் சபை, கூச்சப்படாமல் உள்ளே போங்கள்.

போகும்போது வாய்ப்பேச்சாகப் போக வேண்டாம். இடத்தின் பெயர், டிவிஷன், வேலை தொடங்கிய திகதி, வெட்டிய மேட்டின் உயரம், பக்கத்து லயத்தில் எத்தனை குடும்பம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள், போன் படம் இரண்டை ஒட்டுங்கள், சபைச் செயலாளருக்குக் கொடுத்து உங்கள் பிரதியில் சீலும் திகதியும் வாங்குங்கள். வரைபட அனுமதி, மண்சரிவு அறிக்கை, சுற்றாடல் அனுமதிப்பத்திரம் மூன்றின் பிரதிகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பமாகக் கேளுங்கள், தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத ஆபத்து என்றால், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது அந்தச் சீல் வைத்த பிரதியைத்தான், பத்திரமாக வையுங்கள்.